காசியில் ‘நெசவாளர் வீட்டு விலைக்கு’ பட்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கணவனும் மனைவியுமாகக் காசிக்குக் கிளம்புகிறவர்கள், அப்படியே ஒரு பனாரஸ் புடவையும் வாங்கும் எண்ணம் இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். ‘கைத்தறி, சுத்தமான கத்தான் பட்டு’ என்று சொல்லி எங்களிடம் 14,500 ரூபாய்க்கு விற்ற புடவையில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், மட்டும்தான் பட்டு. குறுக்கே ஓடும் ஊடை முழுக்க பாலியஸ்டர். கைத்தறியும் கிடையாது, விசைத்தறியில் ஓட்டியது.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஜனவரிக் குளிரில் அசி காட் என்ற படித்துறையில் படகு ஏறினோம். கேதார் காட் வரும்போது அங்கே குமரகுருபரர் நிறுவிய மடத்தைப் பற்றி என் கணவர் சொல்லிக்கொண்டு வந்தார். ஹனுமான் காட் பக்கம் ஒரு சந்தில்தான் பாரதியார் 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அந்த வட்டாரத்தில் தமிழ் ரொம்ப காலமாகப் புழங்குகிறது. படகுக்காரர், பூக்காரர், ஆட்டோக்காரர் என்று ஆளுக்கு நாலு வார்த்தையாவது பேசுவார்கள். அது அந்த ஊரின் அழகு. தூண்டில் போடுகிறவனுக்கும் அதே தமிழ்தான் புழு.

உடல்களை எரிக்கும் மணிகர்ணிகா காட் பக்கம் முதல் ஆள் வந்தான். பக்கத்தில் இருக்கும் இல்லத்தில் சாவுக்குக் காத்திருக்கும் ஏழைகளுக்கு விறகு வாங்க நன்கொடை வேண்டும், ஒரு கிலோ இத்தனை ரூபாய், ஒரு உடலுக்கு இத்தனை கிலோ என்று கணக்கோடு ஆரம்பித்தான். இந்த ஏமாற்று வெளிநாட்டுப் பயணிகளிடம் பல வருடமாக நடப்பதுதான், நம்மவர்களையும் விடுவதில்லை. பதில் சொல்லாமல் நடந்துவிட்டால் போதும், கொஞ்ச தூரம் வந்து விட்டுவிடுவான்.

அப்புறம் சந்துகளுக்குள் கச்சோடி, ஜிலேபி. மண் குவளையில் ‘மலையோ’ என்ற இனிப்பு. பாலைக் காய்ச்சி இரவுப் பனியில் வைத்து, விடியும்போது நுரையாகக் கடைந்து குங்குமப்பூ போட்டுத் தருகிறார்கள். குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

பக்கத்தில் இருக்கும் பௌத்தத் தலமான சாரநாத் போக வண்டி தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும். “அக்கா, அண்ணா, தமிழா? எந்த ஊரு?” நல்ல தமிழ். கமிஷன் வேண்டாம், காசு வேண்டாம், தமிழ்க்காரர்களைப் பார்த்தால் சந்தோஷம் என்றான். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை அக்கா, சாரநாத் மூடியிருக்கும். நாளைக்குப் போங்க. இன்னிக்கு நெசவு பாருங்க, எங்க மாமா வீட்டுலயே தறி இருக்கு.”

இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வெள்ளிக்கிழமை மூடியிருப்பது அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதி இருக்கும் அருங்காட்சியகம் மட்டும். தாமேக் ஸ்தூபி இருக்கும் வளாகம் அன்றைக்கும் திறந்துதான் இருக்கும். போனில் பார்த்தால் ‘வெள்ளி விடுமுறை’ என்று அருங்காட்சியகத்துக்கு வருவதால் அவன் சொல்வது சரி என்று தோன்றும்.

‘மாமா வீடு’ என்று கூட்டிப்போன இடத்தில் வாசலில் நிஜமாகவே ஒரு குழித்தறி இருந்தது. மேலே பூ வேலைக்கான ஜக்கார்டு கருவி, ஓட்டை போட்ட அட்டைகள் சரம் சரமாகத் தொங்கின. பெரியவர் ஒருவர் குழிக்குள் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். நாங்கள் படியேறும் வரைக்கும் நெய்தார். இறங்கி வரும்போது தறியில் ஆள் இல்லை. காலையில் பார்த்த அதே நான்கு விரற்கடைத் துணிதான் இருந்தது. அந்தத் தறி நெய்வதற்காக இல்லை, எங்களுக்குக் காட்டுவதற்காக.

மாடியில் வெள்ளை மெத்தை விரித்த அறை. செருப்பைக் கழற்றச் சொல்லி, டீ கொடுத்து, புடவைகளை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டார்கள். மாமா மோதிரத்தைக் கழற்றி அதற்குள் ஒரு புடவையை நுழைத்து இழுத்துக் காட்டினார். மெல்லிய துணி எதுவும் அப்படிப் போகும், பாலியஸ்டர் இன்னும் சுலபமாகப் போகும்.

இவர் கொஞ்சம் விவரமானவர். “எரிச்சுக் காட்டுங்க” என்று கேட்டார். மாமா தயங்கவே இல்லை. முந்தானை ஓரத்துக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழையை உருவி, லைட்டரில் காட்டினார். முடி கருகும் வாசனை வந்தது. சாம்பலை விரலால் நசுக்கினார், பொடியாக உதிர்ந்தது. சுத்தமான பட்டு. எல்லோருக்கும் திருப்தி.

சூட்சுமம் இங்கேதான். முந்தானைக் குஞ்சம் என்பது பாவு நூலின் முனை. புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல் மட்டும்தான் அங்கே வெளியே தெரியும். குறுக்கே ஓடும் ஊடை நூல் குஞ்சத்தில் வரவே வராது. பாவைப் பட்டிலும் ஊடையை பாலியஸ்டரிலும் போட்டு நெய்தால், குஞ்சத்தை ஆயிரம் தடவை எரித்தாலும் பட்டு என்றுதான் காட்டும்.

இது எங்களுக்குத் தெரியவந்தது ஊருக்கு வந்த பிறகு. இவருடைய சித்தி ஆரணிக்காரர், வீட்டில் தறி ஓடியது. புடவையைக் கையில் வாங்கியதுமே உள்பக்கத்தைத் திருப்பினார். “எரிச்சுப் பாத்தீங்களா? எதை எரிச்சான், குஞ்சத்தையா?” என்று கேட்டுவிட்டு, ரவிக்கைத் துணியின் வெட்டிய ஓரத்திலிருந்து குறுக்கு நூல் ஒன்றை உருவினார். அடுப்பில் காட்டியதும் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி நின்றது. ஆறியதும் நகத்தால் கிள்ளினால் கெட்டியாக இருந்தது. பிளாஸ்டிக் வாசனை. “ஊடை பட்டே இல்லம்மா. ரெண்டாயிரம் பெறும், அதுவும் கடையில லாபம் சேத்து.”

கைத்தறி இல்லை என்பதையும் அவரே காட்டினார். கைத்தறியில் துணி சுருங்காமல் இருக்க இரண்டு ஓரத்தையும் ஊசியால் இழுத்துப் பிடித்து நெய்வார்கள், அதனால் கரையோரமாகச் சின்னச் சின்ன ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். இதில் ஒன்றுகூட இல்லை. ‘கதுவா வேலை, நாலு மாதம் நெய்தது’ என்றான் மாமா. கதுவா என்றால் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக நெய்து முடிக்கப்படும், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். இதில் பின்பக்கம் முழுக்க வெட்டிவிட்ட நூல் முனைகள். நாலு மாதம் நெய்ததாகச் சொன்ன அதே புடவை, அதே பூவோடு, ஐந்தாறு நிறத்தில் அலமாரியில் அடுக்கியிருந்தது இப்போது ஞாபகம் வருகிறது.

கடையில் ‘ஜிஐ குறியீடு உள்ள பனாரஸ்’ என்று ஒரு பலகை இருந்தது. பனாரஸ் புடவைக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் ஊருக்குக் கிடைத்த குறியீடு ஒவ்வொரு புடவைக்கும் சான்றாகிவிடாது. புடவையில் இருக்க வேண்டியது இரண்டு. மத்திய பட்டு வாரியத்தின் கீழ் வரும் சில்க் மார்க் சீட்டு, அது நூல் பட்டு என்று மட்டும் சொல்லும். கைத்தறி முத்திரை தனி, அது கையால் நெய்ததைச் சொல்லும். ஒன்றைக் காட்டி இன்னொன்றையும் சேர்த்து விற்பார்கள். எங்களுக்கு இரண்டுமே தரவில்லை, “நேரா தறியிலேர்ந்து வருது, சீட்டு எதுக்கு?” என்றார்கள்.

பணம் யுபிஐ-யில் போனது கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. கொடுத்த தாளில் மேலே ‘எஸ்டிமேட்’ என்று போட்டிருந்தது, ஜிஎஸ்டி எண் கிடையாது, கீழே விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று இந்தியில் ஒரு வரி. ‘கமிஷன் வேண்டாம்’ என்ற தம்பி, நாங்கள் படியிறங்கும்போது கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான், எங்களோடு திரும்பி வரவில்லை.

மாலை கங்கா ஆரத்திக்கு ‘விஐபி பால்கனி’ என்று தலைக்கு ஒரு தொகை கேட்டார்கள், கொடுக்கவில்லை. தசாஸ்வமேத காட் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கக் காசே கிடையாது, கொஞ்சம் சீக்கிரம் போனால் போதும்.

புடவையின் படத்தையும் எரிந்த நூலின் வீடியோவையும் கடைக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, சாயங்காலத்துக்குள் பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அவர்கள் கடைக்குத் தகவல் அனுப்புவார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கடையிலிருந்து பதில் வராததால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதற்காகக் காசிக்குப் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. முறையான பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம் என்ற பட்டியலில் வருகின்றன. அதனால் அந்த இந்தி வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் உட்கார்ந்ததும் முதலில் ரவிக்கைத் துணியின் ஓரத்திலிருந்து குறுக்கு நூலை உருவித் தரச் சொல்லுங்கள். சரி என்கிறவரிடம் விலை பேசலாம். துணி வீணாகும், பிரிந்துவிடும் என்று இழுக்கிறவரிடம் டீயை முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

வழக்கு போட இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரி ‘எஸ்டிமேட்’ தாளோடு காசியில் புடவை வாங்கி வந்து பீரோவில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு குறுக்கு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பிரச்சினை எழுந்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். தாளையும் பணம் போன ஸ்கிரீன்ஷாட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.