டொக் டொக் சத்தமும் மூன்று சோடி லிங்க்கும்: 121 கொரோலாவில் என் அனுபவம்

மரைன் ட்ரைவில் விடியற்காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினால் கடல் இரைச்சல் கேட்கவேண்டும். எனக்குக் கேட்டது முன் இடதுபக்கச் சில்லுக்கு மேலிருந்து வந்த 'டொக் டொக்'. வேகமாக ஓடும்போது இல்லை. இருபது, முப்பதில் ஒழுங்கைக்குள் திரும்பும்போதும், குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிவிட்ட வெட்டுகளில் ஒரு சில்லு மட்டும் இறங்கும்போதும்தான்.

கார் ரொயோட்டா கொரோலா, எங்கள் ஊரில் சொல்வதுபோல '121'. 2016இல் வாங்கினேன். வெள்ளவத்தையில் வீடு, வத்தளையில் வேலை. சத்தம் தொடங்கியது 2018இல். முதலில் காட்டிய கராஜில் ஒரே வார்த்தை: "ஷொக் போய்ட்டுது." நானும் தலையாட்டி முன்பக்க ஷொக் (அதிர்வுதாங்கி) இரண்டையும் மாற்றினேன். காசு போனது, சத்தம் போகவில்லை. திரும்பிப் போய்ச் சொன்னபோது, "அப்ப பின் லிங்க்கையும் மாத்திப் பாப்பம்" என்றார்கள். லிங்க் என்பது ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் சின்ன இணைப்புக் கம்பி. வீட்டுக்கு வந்து காருக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். 121இன் பின்பக்கம் இரண்டு சில்லையும் ஒரே பீம் இணைக்கிறது. அங்கே லிங்க் என்ற சாமானே கிடையாது! அந்தக் கராஜுக்கு அத்தோடு கும்பிடு.

தெஹிவளையில் ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறார். அவர் காரைத் தூக்கவில்லை. பக்கத்தில் ஏறியிருந்து, "அண்ணே, அந்த பம்ப்ப நேரா ஏறுங்க" என்றார். ஏறினேன், சத்தமே இல்லை. "இப்ப கோணலா, ஒரு சில்லு மட்டும் ஏறுறமாதிரி." டொக்.

"ஷொக்குல ஒண்ணுமில்ல. லிங்க்குதான்."

அந்தச் சோதனையின் காரணம் அவர் விளக்கிய பிறகுதான் பிடிபட்டது. ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சில்லுகளை இணைக்கும் வளைந்த உருக்குக் கம்பி. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ் காரின் அடிச்சட்டத்தோடு பிடித்துவைத்திருக்கும். இரு முனைகளையும் ஷொக்கோடு இணைப்பவைதான் லிங்க், சாண் நீளக் கம்பி, இரண்டு நுனியிலும் குண்டு மூட்டு. இரண்டு சில்லும் ஒன்றாக எழும்பினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா உருளும், முறுக்கம் இல்லை. ஒன்று மட்டும் எழும்பினால் கம்பி முறுகும், அந்த விசை முழுவதும் லிங்க்கின் மூட்டு வழியாகத்தான் போகவேண்டும். மூட்டில் ஆட்டம் இருந்தால் அங்கே இரும்போடு இரும்பு இடிக்கும். வளைவில் கார் ஒருபக்கம் சரியாமல் பிடிப்பதும் இதே முறுக்கம்தான்.

வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடை நானா கேட்டது ஒன்றுதான்: "சைனாவும் ஈக்கி, ஜப்பானும் ஈக்கி. எது வேணும்?" கஞ்சத்தனம் முந்திக்கொண்டது. ஜப்பான் சோடியின் விலையில் மூன்றில் ஒன்றுக்குச் சைனா சோடி வாங்கினேன். எட்டு மாதம். மூட்டை மூடியிருந்த ரப்பர் உறை வெடித்து, கிறீஸ் வழிந்து, மழைத்தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்து, பழைய பாட்டைத் திரும்பப் பாடியது. 2019இல் '555' என்ற ஜப்பான் பிராண்டின் சோடி போட்டேன். அது 2023 வரை ஓடியது, ஏறக்குறைய 45,000 கிலோமீட்டர். இதில் 2022ஐ முழு வருடமாகக் கணக்கெடுக்க முடியாது. அந்த வருடம் கார் ஓடிய நேரத்தைவிடப் பெற்றோல் வரிசையில் நின்ற நேரம் கூட. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த பிறகும் வாரத்துக்கு 20 லீற்றர்தான்.

555 வாங்கும்போது பெட்டியை மட்டும் நம்பவேண்டாம். அந்தப் பேரில் போலியும் உலாவுகிறது. நான் செய்வது, மூட்டைக் கையால் அசைத்துப் பார்ப்பது. புது லிங்க்கின் குண்டு இறுக்கமாக, ஒரே சீராக நகரவேண்டும். லொடலொடவென்று ஆடினால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது சோடியை நானே மாற்றினேன், அதில்தான் மாட்டிக்கொண்டேன். இடதுபக்கத்தை மட்டும் ஜக் வைத்துத் தூக்கி நட்டைக் கழற்றினால், போல்ட் துளைக்குள்ளேயே இறுகி நிற்கிறது. சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. ஒரு சில்லு தொங்க மற்றது நிலத்தில் நின்றால் பார் முறுகியபடி லிங்க்கை இழுத்துக்கொண்டிருக்கும் என்பது அரைமணி நேரம் வியர்த்த பிறகே உறைத்தது. வலதுபக்கத்தையும் அதே உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். விரலால் தள்ளவே போல்ட் வெளியே வந்தது. கடலோரத்தில் நிற்கும் காரென்றால் முதல்நாள் இரவே நட்டுக்குத் துரு இளக்கி அடித்துவிடுங்கள். உப்புக்காற்று அந்தத் திருகுகளை அப்படிப் பிடித்துவைக்கும். நட்டோடு சேர்ந்து குண்டும் சுற்றினால் போல்ட் நுனியிலுள்ள குழிக்குள் அலன் கீயைக் கொடுத்துப் பிடிக்கவேண்டும். அந்தக் குழியைத் தேய்த்துவிட்டால் கிரைண்டரால் வெட்டுவதைத் தவிர வழியில்லை, வலதுபக்கம் எனக்கு அதுதான் நடந்தது. பூட்டும்போது 121க்கு இறுக்கம் 74 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் இறுக்கிய முந்தைய சோடி ஒருமுறை இளகி, அதுவே ஒரு சத்தமானது.

லிங்க் மாற்றிய பிறகு எலைன்மென்ட் செய்யவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. லிங்க் சில்லின் கோணத்தைத் தொடுவதில்லை. அந்தக் காசுக்குக் கொத்து ரொட்டி சாப்பிடலாம்.

புஷ் கதை வேறு. 2023இல் புது லிங்க் போட்டும், காலையில் முதல்தடவை பம்ப் ஏறும்போது ஒரு 'கிரீச்', மழைநாளில் மட்டும் அது இல்லை. பாரைப் பிடித்திருக்கும் நடு புஷ் இரண்டும் வைரம்போல் காய்ந்திருந்தன. ஒருவர் கிறீஸ் பூசச் சொன்னார், சாதாரண கிறீஸ். ரப்பருக்குப் பெற்றோலிய எண்ணெய் ஆகாது, ஊதி இளகிவிடும். பூட்டுவதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். அந்த இடத்துக்குள் கை நுழைவதே கஷ்டம், அதனால் அதைத் தெஹிவளைத் தம்பியிடமே விட்டேன். புஷ்ஷிலுள்ள வெட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றுமுன் அவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்தது.

லிங்க் கழன்ற காரை ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். ஒருமுறை, சத்தம் எங்கிருந்து வருகிறதென்று உறுதிப்படுத்த, இரண்டு லிங்க்கையும் கழற்றிப் பாரைக் கம்பியால் கட்டிவிட்டு, தம்பி பக்கத்திலிருக்க ஒழுங்கைக்குள் மெதுவாக ஓடினோம். சத்தம் சுத்தமாக நின்றது. ஆனால் காலி வீதிக்குத் திரும்பும் வளைவில் கார் படகுபோல் சரிந்தது. "போதும் அண்ணே, திருப்புங்க" என்றார் அவர்.

இப்போது எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, சில்லுக்குப் பின்னால் கையை விட்டு லிங்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன், உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவுகிறேன். இரண்டு நிமிட வேலை. போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்வந்தோம், ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் ஒரு வழி. பின்னால் இருந்த அம்மா முறிகண்டி வரை நித்திரை.