பெயர் இல்லாத ஜப்பான் சைக்கிளும் ரிவர்ஸ்டன் இறக்கமும்

கொள்கலனில் வந்த பழைய ஜப்பான் மவுண்டன் சைக்கிள். 26 அங்குலச் சில்லு. முன்னுக்கு மூன்று, பின்னுக்கு ஏழு என்று 21 கியர். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங், இரண்டு சில்லுக்கும் றப்பர் கட்டை வைத்துப் பிடிக்கிற வி பிரேக். கம்பனிப் பெயர் இருந்த ஸ்ரிக்கரை யாரோ சுரண்டி எடுத்துவிட்டார்கள். அதனால் யாராவது ‘என்ன சைக்கிள்?’ என்று கேட்டால் ‘நீலச் சைக்கிள்’ என்றுதான் சொல்லி வருகிறேன்.

2022 இல், பெற்றோல் வரிசையில் நின்று களைத்த காலத்தில், கிளிநொச்சியில் ஏ9 ஓரமாக இருந்த ஒரு கடையில் 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு வருடத்துக்கு முன்னர் என்றால் அதில் பாதி விலைக்கு எடுத்திருக்கலாம் என்று வாங்கிய அன்றே நாலு பேர் வந்து சொன்னார்கள். அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கரியர் எங்கையடா?” என்று மட்டும் கேட்டார்.

அம்மா கேட்டதில் பிழையில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்கு எரிபொருள் தடை இருந்தபோது எங்கள் வீட்டில் நெல் மூட்டை, விறகு, காய்ச்சல் பிடித்த நான் எல்லாம் போனது அப்பாவின் சைக்கிள் கரியரில்தான். இரவில் அதையே தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டிருக்கிறோம். அப்படி வாழ்ந்த ஒருவருக்கு, மூட்டை வைக்க இடமில்லாத சைக்கிள் எலும்புக்கூடு மாதிரித்தான் தெரியும்.

சமதரையில் இதைக் குறை சொல்ல அதிகம் இல்லை. கிரவல் றோட்டில் அகல ரயர் நன்றாக நிற்கிறது. செயினில் செம்மண் தூசி ஏறினால் கியர் மாறும்போது நறநற என்கிறது, கிழமைக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் துணியால் துடைத்தால் போதும். 26 அங்குல ரயரும் ரியூப்பும் எங்கள் பக்கத்து எந்தக் கடையிலும் கிடைக்கும். இது சின்ன விஷயம் இல்லை. 29 அங்குலச் சில்லு வாங்கியவர் ஒரு ரியூப்புக்காக யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். சீற்றில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியாது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

ஆனால் இரணைமடுக் குளக்கட்டில் ஏறி இறங்கிவிட்டு ‘எனக்கு மலைச் சைக்கிள் ஓடத் தெரியும்’ என்று நினைத்தேனே, அங்கேதான் பிழை விட்டேன்.

2024 ஆவணியில் ஐந்து பேர் ஒரு வாடகை வான் பிடித்தோம். கூரையில் நான்கு சைக்கிள், எல்லாம் பழைய ரியூப்பை வார் வாராக வெட்டிக் கட்டியது. (கயிறு வேண்டாம், கயிறு தளரும். ரியூப் வார் இழுத்துப் பிடிக்கும்.) விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். தெற்கே போகிற எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போகாது. நாங்கள் மட்டும் போய்விடுவோமா? பிறகு வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை. மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரத்தைக் கண்டதும் பிளேன்ரீ.

அங்கிருந்து றத்தொட்டை வழியாக நக்கிள்ஸ் மலையில் இருக்கிற ரிவர்ஸ்டன். இடத்தைத் தேர்ந்தது எங்களில் ஒருவனான தர்மபுரத்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவனுடையது. அவனுடைய அப்பம்மா பிறந்தது இந்தப் பக்கத்து லயம் ஒன்றில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். ஏறும் வழியெல்லாம் மரங்களில் மிளகுக் கொடி, கிராம்பு, மேலே போகப் போக ஏலம். அவன் யன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. அந்த லயம் எது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

நக்கிள்ஸ் காடு 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. உச்சி வரை வானில் போய், அங்கிருந்து றத்தொட்டைப் பக்கமாகத் தார் றோட்டிலேயே இறங்குவது, வான் பின்னால் வருவது என்பது திட்டம். உண்மையான ‘டவுன்ஹில்’ ஆட்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்களின் சைக்கிளில் முன்னும் பின்னும் 200 மில்லிமீற்றர் அளவுக்கு அமுங்கும் சஸ்பென்ஷன், எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெற் இருக்கும். என் ஃபோர்க் அமுங்குவது இரண்டு விரற்கடை. ஹெல்மெற் மோட்டார் சைக்கிளினுடையது.

மேலே காற்று ஆளையே தள்ளியது. முகில் றோட்டில் படுத்திருந்தது. வன்னியில் நிலம் வெடித்துக் கிடக்கிற மாதத்தில் இங்கே கைகள் விறைத்தன.

முதல் பத்து நிமிடத்தை எப்படி எழுதுவது? பெடலே மிதிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, மிதிக்காமல் கிடைத்த வேகம். நான் கத்திக்கொண்டு இறங்கினேன். எதிரே ஒரு பஸ் கோர்ன் அடித்து வளைவில் வந்தபோதுதான் வாயை மூடினேன்.

அதிலிருந்து பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடியே வந்தேன். கிளிநொச்சியில் பிரேக் என்பது மாடு குறுக்கே வந்தால் பிடிப்பது. பிடித்து விடுவது இரண்டு செக்கன் வேலை. இங்கே இருபது நிமிடம் பிடித்தேன். றப்பர் கருகும் மணம் வந்தது. முன்னால் போகிறவனுடைய சைக்கிள் என்று நினைத்தேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் லீவரை இழுத்தால், அது ஹான்டில் வரை சும்மா வந்து முட்டுகிறது. காலை ஊன்றினேன், செருப்பின் குதி தேய்ந்ததே தவிர சைக்கிள் நிற்கவில்லை. மலைப் பக்கத்து வாய்க்காலுக்குள் திருப்பி, மண் மேட்டில் மோதித்தான் நிறுத்தினேன். முழங்கை உரசியது, ஹான்டில் கோணியது, வேறொன்றும் இல்லை.

பக்கத்தில் கொழுந்துச் சாக்கோடு நின்ற ஒரு முதியவர் வந்து தூக்கிவிட்டார். “நல்ல வேள, இந்தப் பக்கமா விழுந்தீங்க தம்பி. எப்பவும் மலப் பக்கமா விழுங்க,” என்றார். இதைவிடச் சரியான பாதுகாப்பு அறிவுரையை நான் எந்த வீடியோவிலும் கேட்கவில்லை.

தோசைக்கல்லுக்குத் தெளிப்பது போல, கட்டை பிடிக்கிற சில்லு வளையமான றிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சீ என்றது. எங்களோடு வந்த பௌதிகவியல் மாஸ்டருக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. முறிகண்டிக் கச்சான் பையைக் கிழித்து, அதில் கணக்குப் போட்டார். ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ, உயரத்தில் 640 மீற்றர் இறங்கினால் வெளிவரும் சக்தி, இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம் எல்லாம் இந்த நாலு றப்பர் துண்டுக்கும் றிம்முக்கும். “நீ வேகமாய் இறங்கினால் காற்று கூடுதலாய் வாங்கும். நீ பயந்து பயந்து பிடிச்சதால முழுதும் கட்டைக்குப் போச்சு,” என்றார். வளைவுக்கு முன் நேர் றோட்டில் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிட வேண்டுமாம். விட்ட நேரத்தில்தான் றிம் ஆறும். அவர் அப்படித்தான் வந்திருந்தார். அவருடைய கட்டைகள் பாதியாவது மிஞ்சியிருந்தன.

மலைச் சைக்கிள் பந்தயம் தொடங்கிய கதையும் இதுதான் என்று வானில் சொன்னார். 1976 இல் கலிபோர்னியாவின் மரீன் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களோடு ஒரு மண் பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிரேக் அது. கீழே வந்து சேரும்போது சில்லின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். மறுபடி அடைப்பது என்ற பொருளிலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபாக்’ என்று பெயர் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மீதி இறக்கத்தை நான் வானில் இருந்தே பார்த்தேன். மாத்தளையில் புதுக் கட்டை நாலும் மாற்றினேன். அடுத்த நாள் காலை மாஸ்டர் சொன்னபடி விட்டு விட்டுப் பிடித்து அதே றோட்டில் திரும்ப இறங்கினேன். ஒரு இடத்திலும் மணக்கவில்லை. கத்தவும் செய்தேன்.

அப்படியானால் சைக்கிள் மோசமா? இல்லை. ஃபிரேமில் ஒரு கீறல்கூட விழவில்லை. கியர் ஒருமுறையும் நழுவவில்லை. ஆனால் நான் வாங்கும்போது பார்க்காமல் விட்ட ஒன்று உண்டு. ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் பிரேக் பூட்டுகிற காது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். என்னுடையதில் இல்லை; எத்தனை காசு கொட்டினாலும் இனி இதில் ஒழுங்காக டிஸ்க் போட முடியாது. றிம்மின் பக்கச் சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். குழிந்திருந்தால் ஜப்பானில் யாரோ ஏற்கனவே நிறைய இறங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடைக்காரர் ஃபோர்க்கை அமுக்கிக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம், அது எல்லாவற்றிலும் அமுங்கும்.

சமதரைக்கு இந்த விலையில் இதையே திரும்பவும் வாங்குவேன். மலைக்கு என்றால் டிஸ்க் உள்ளதைத் தேடுவேன். மாஸ்டர் ஏற்கனவே ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், 65,000 சொல்கிறார்களாம், இறங்கி வர மறுக்கிறார்கள்.

நீலச் சைக்கிளுக்குப் போன மாதம் ஒரு வெல்டிங் கடையில் கரியர் அடித்தேன். நேற்று அம்மா மில்லுக்கு நெல் கொடுத்துவிட்டார்.