டிராகுலா தீம்: குறிப்புகளின் நிறத்தை மாற்றினால் இரவு வேலைக்கு உகந்தது

மொரிஷியஸின் எபென் சைபர் சிட்டியில் பிரான்ஸ் நாட்டு வாடிக்கையாளர்களுக்காக நிரல் எழுதுவோருக்கு, பிரான்ஸில் குளிர்காலமும் இங்கே கோடையும் தொடங்கியதும் நேர வேறுபாடு 2 மணியிலிருந்து 3 மணியாகிவிடுகிறது. அவர்கள் மாலை 6 மணிக்கு அனுப்பும் திருத்தம் நம் கைக்கு வரும்போது இரவு 9 மணி. அந்த நேரத்தில் வெள்ளைத் திரை கண்ணை உறுத்துவதால், நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோ கோடில் பல கருநிறத் தீம்களை (திரையின் நிறத் தொகுப்புகளை) போட்டுப் பார்த்து, இறுதியில் டிராகுலாவிலேயே நிலைத்துவிட்டேன்.

2013-இல் ஸீனோ ரோச்சா உருவாக்கிய இத்தீமுக்குக் கட்டணப் பதிப்பு ஒன்றும் உண்டு. நான் எழுதுவது இலவசப் பதிப்பைப் பற்றி. நிறுவுவதில் சிரமமே இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, எக்ஸ்டென்ஷன் பகுதியில் டிராகுலா என்று தேடி, ‘அஃபிஷியல்’ என்று பெயரிலேயே உள்ளதை நிறுவ வேண்டும். பிறகு கன்ட்ரோல்-கே (K), அடுத்து கன்ட்ரோல்-டி (T) அழுத்தினால் தீம்களின் பட்டியல் வரும். அம்புக்குறி விசையை நகர்த்த நகர்த்தத் திரை உடனுக்குடன் நிறம் மாறுவதால், ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

பின்னணி முழுக் கறுப்பு அன்று, நீலம் கலந்த கருஞ்சாம்பல். அதன்மேல் நிரல்மொழிக்கே உரிய குறிச்சொற்கள் இளஞ்சிவப்பிலும், மேற்கோளுக்குள் வரும் சரங்கள் மஞ்சளிலும், செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்கள் பச்சையிலும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, செயற்கூறுக்குள் அனுப்பப்படும் அளவுருக்களை ஆரஞ்சு நிறச் சாய்வெழுத்தில் காட்டும் முறை. நீண்ட செயற்கூறின் நடுவில் ஒரு பெயரைப் பார்த்தவுடனே அது வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே உருவானதா என்பது தெரிந்துவிடுகிறது.

குறை ஒன்று உண்டு, நிரலுக்கு இடையே தமிழில் விளக்கக் குறிப்பு எழுதுவோருக்கு அது சிறிய குறை அன்று. குறிப்புகளுக்கென ஒதுக்கிய சாம்பல் நீலம் (சிவப்பு 98, பச்சை 114, நீலம் 164) பின்னணியோடு ஒளிர்வில் ஏறத்தாழ 3:1 என்ற அளவிலேயே மாறுபடுகிறது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களோ சாதாரண அளவிலான எழுத்துக்கு 4.5:1 கேட்கின்றன. ஆங்கிலமும் பிரெஞ்சும் இதில் ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன. தமிழில் ‘15% வாட் சேர்க்காத விலை’ என்று எழுதிப் பாருங்கள்: புள்ளிகள் பின்னணியில் கரைந்து, ‘ர்க்கா’ என்ற இடத்தில் எழுத்தைக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. வரிக்கணக்கை விளக்கும் குறிப்பு தயங்கித் தயங்கிப் படிக்கும்படி இருக்கலாகாது.

இதைச் சரிசெய்ய, எடிட்டரின் அமைப்புகள் சேமிக்கப்படும் செட்டிங்ஸ் ஜேசான் கோப்பைத் திறந்து, எடிட்டரின் ‘டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்’ என்ற அமைப்பின் கீழ், தீமின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, குறிப்புகளுக்கு #889999 என்ற நிறத்தைக் கொடுத்தேன். மாறுபாடு 4.5-ஐத் தாண்டிவிடுகிறது, அதே சமயம் குறிப்பு நிரலை முந்திக்கொண்டு கண்ணில் படுவதுமில்லை. தீமின் பெயரைச் சுட்டி எழுதுவதால் மற்றத் தீம்களின் நிறங்கள் அப்படியே இருக்கும். விண்டோஸ் பயன்படுத்துவோர் எழுத்துருப் பட்டியலின் இறுதியில் நிர்மலா யூஐ-யைச் சேர்த்து, வரி உயரத்தையும் சற்றுக் கூட்டினால், புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் மேல்வரியை ஒட்டாமல் நிற்கும்.

பகல் வேலைக்கு இத்தீமைப் பரிந்துரைக்க மாட்டேன். சன்னல் வழியே பிற்பகல் வெயில் விழும் மேசையில், கருந்திரையில் நிரலைவிட நம் முகமே நன்றாகத் தெரியும். இயங்குதளத்தின் நிற அமைப்பைப் பின்தொடரும் ‘ஆட்டோ டிடெக்ட் கலர் ஸ்கீம்’ வசதியை இயக்கி, வெளிர் நிறத்துக்கு ‘லைட் மாடர்ன்’, கருநிறத்துக்கு டிராகுலா என்று குறித்துவிட்டால், கணினியை எந்த நிறத்துக்கு மாற்றினாலும் எடிட்டரும் தானாகவே அதற்கேற்ப மாறிவிடும்.