கார்பன் ரோடு பைக்கும் எலக்ட்ரானிக் கியரும்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

பட்டனை அழுத்தினால் சிறு மோட்டார் கியரை மாற்றும் எலக்ட்ரானிக் கியர் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கேபிள் கியரைவிட வேகமாக மாறுமா?" என்பதுதான். மாறும். ஆனால் ஒழுங்காக டியூன் செய்த கேபிள் கியரும் சளைத்ததல்ல. பல பருவங்கள் ஓட்டிய பிறகு எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: வண்டி புதிதாக இருந்தபோது கியர் எப்படி விழுந்ததோ, இன்றும் அப்படியேதான் விழுகிறது. மழையில் நனைந்தாலும், புழுதியில் ஓடினாலும், கை சோர்ந்த கடைசி ஒரு மணி நேரத்திலும் அதில் வித்தியாசம் இல்லை.

காரணம் எளிது. கேபிள் என்பது உறைக்குள் ஓடும் கம்பி. அது எத்தனை இடத்தில் வளைகிறதோ அத்தனை இடத்தில் உராயும். அழுக்கும் ஈரமும் சேரச் சேர இன்னும் இறுகும். இப்போது வரும் கார்பன் ஃப்ரேம்களில் கேபிள்கள் எல்லாமே ஹேண்டில்பார், அதை ஃப்ரேமோடு பிடிக்கும் ஸ்டெம், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்குகள் இருக்கும் ஹெட்செட் வழியாக உள்ளே ஒளிந்து போகின்றன. அத்தனை வளைவுகளுக்குள் கேபிள் கியரை நீண்ட நாள் சுத்தமாக வேலை செய்ய வைப்பது பாடு. மின்சிக்னலுக்கு வளைவும் தெரியாது, உராய்வும் தெரியாது. ஆகவே இப்படிப்பட்ட ஃப்ரேம் வாங்க முடிவு செய்துவிட்டால், எலக்ட்ரானிக் கியரை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

உண்மையான லாபம் பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில்தான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிதான் டீரெய்லர். முன் டீரெய்லரைக் கேபிளில் மாற்ற இடது லிவரை நன்றாக உள்ளே தள்ள வேண்டும், மிதியின் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். களைத்த நேரத்தில் அதற்குச் சோம்பல்பட்டே தப்பான கியரில் இழுத்துக்கொண்டு போவோம். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. வளைவு திரும்பியதும் எதிரே செங்குத்தாக மேடு நிற்கிறது என்று வையுங்கள். இடது பட்டனை ஒரு அழுத்து. "ஸ்ஸிக்" என்று மெல்லிய சத்தம். செயின் சின்ன வளையத்தில் இறங்கும்போதே வலது கையால் பின்பக்கம் இரண்டு பல்சக்கரம் சரிசெய்துவிடலாம். கால் சுற்றுவது தடைபடாது. பின்னால் செயின் கோணம் மாறும்போது முன் டீரெய்லர் தானாகவே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும். செயின் உரசும் அந்தக் கரகர சத்தத்தை நான் மறந்தே போனேன்.

என்னுடையது ஷிமானோவின் 12 வேக அல்டெக்ரா டிஐ2 (டிஐ2 என்பது அவர்களின் எலக்ட்ரானிக் கியருக்குப் பெயர்). 2021இல் வந்த தலைமுறை. லிவர்கள் வயர்லெஸ், இரண்டு டீரெய்லர்களுக்கும் மட்டும் ஃப்ரேமுக்குள் இருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து வயர் போகிறது. சார்ஜ் செய்யும் துளை பின் டீரெய்லரிலேயே இருக்கிறது. போட்டி நிறுவனமான ஸ்ராமின் வழி வேறு: ஒவ்வொரு டீரெய்லருக்கும் தனிப் பேட்டரி, கழற்றி மாட்டலாம், வயரே இல்லை. தினமும் ஓட்டி, ஒழுங்காக சார்ஜ் செய்யும் ஆளுக்கு ஷிமானோ வழி தொல்லையில்லாதது. சார்ஜ் நீண்ட நாள் நிற்பதால்தான் மறந்தும் போகும். பைக்கை அடிக்கடி பிரித்து மூட்டை கட்டுபவருக்கும், அவசரத்துக்கு முன் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டிச் சமாளிக்க நினைப்பவருக்கும் ஸ்ராம் பொருந்தும்.

பட்டன் விஷயத்தில் ஸ்ராம் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது: வலது லிவர் கியரைக் கடினமாக்கும், இடது எளிதாக்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன் வளையம் மாறும். தடித்த கையுறை போட்டாலும் குழப்பம் வராது. ஷிமானோவில் இரண்டு பட்டனும் அருகருகே இருப்பதால் குளிரில் விரல் மரத்துப்போனால் தடவித் தேட வேண்டியிருக்கும். ஆப் மூலம் எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இது பெரிய குறையல்ல.

பேட்டரி பயம் எல்லோருக்கும் இருக்கும். டிஐ2வில் சார்ஜ் தீரும் நிலைக்கு வந்தால் முதலில் முன் டீரெய்லர் நின்றுவிடும். பின்பக்கம் இன்னும் சிறிது நேரம் வேலை செய்யும். அதுவும் நின்றால் கடைசியாக இருந்த கியரிலேயே வண்டி ஓடும். அதாவது முன் வளையம் திடீரென மாற மறுத்தால் அதுவே எச்சரிக்கை, பின்னால் வீட்டுக்குப் போக வசதியான கியரைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மறக்கப்படுவது லிவருக்குள் இருக்கும் பட்டன் செல்கள். அவை நீண்ட நாள் உழைக்கும் என்பதாலேயே யாரும் நினைப்பதில்லை. டூல் பையில் அதற்கேற்ற செல்லை வைத்திருங்கள், எடையே தெரியாது.

எலக்ட்ரானிக் கியர் எதையெல்லாம் சரிசெய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் லேசாக வளைந்திருந்தால் எந்த மோட்டாரும் காப்பாற்றாது. சின்னப் பல்சக்கரங்களில் நன்றாக விழுந்து, பெரியவற்றில் மட்டும் தடுமாறினால் ஆப்பைத் திறப்பதற்கு முன் ஹேங்கரைப் பாருங்கள். செயினும் அப்படியே. 12 வேக செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட்டால் கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) பிழைக்கும். நான் எண்ணெயை விட்டு மெழுகுக்கு மாறினேன். செயினைத் தொட்டால் கையில் கறுப்பு ஒட்டுவதில்லை, பல்சக்கரங்களும் பளிச்சென்று இருக்கின்றன.

இனி ஃப்ரேம். வாங்கும்போது எல்லாரும் எடையைப் பற்றியே பேசுவார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து சர்வதேச சைக்கிள் அமைப்பான யுசிஐ போட்டிகளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எடையே 6.8 கிலோ. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், அரைக் கிலோ குறைப்பது மொத்தத்தில் 0.6 சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் செங்குத்து ஏற்றத்தில் சுமார் 20 வினாடி மிச்சம். பந்தயத்தில் அது பெரிய விஷயம், நமக்கு இல்லை. எனக்கு முக்கியமாகத் தோன்றும் இரண்டு எண்கள் ஸ்டாக், ரீச். மிதி அச்சின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் மேல்விளிம்பு எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் என்பது ரீச். 54, 56 என்ற சைஸ் எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி போடுகிறது, இந்த இரண்டையும் அப்படி வளைக்க முடியாது. இப்போது ஓட்டும் வண்டியில் உடம்பு எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதன் ஸ்டாக், ரீச்சோடு புதியதை ஒப்பிட்டுப் பாருங்கள். பந்தய வடிவம் பார்க்க அழகுதான். ஆனால் மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து இறுகினால் காற்றைக் கிழிக்கும் ஃப்ரேமில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவீர்கள்.

ஹேண்டில்பாரும் ஸ்டெமும் ஒன்றாக வார்த்த காக்பிட் வேண்டுமா என்று கேட்டால், சரியான அளவு உறுதியாகத் தெரியும்வரை வேண்டாம் என்பேன். ஸ்டெம் 10 மி.மீ. குறைக்க வேண்டும் என்றாலும் முழுத் துண்டையும் மாற்ற வேண்டிவரும். பிரேக் ஹோஸ்கள் (பிரேக் திரவம் ஓடும் குழாய்கள்) ஹெட்செட் வழியாகப் போகும் ஃப்ரேமில் மேல் பேரிங் மாற்றுவதும் லேசுப்பட்டதல்ல: பல ஃப்ரேம்களில் ஹோஸைக் கழற்றி, திரும்ப மாட்டி, பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். அந்தப் பேரிங்கோ வியர்வை இறங்கினால் துருப்பிடிக்கும். வீட்டுக்குள் டிரெய்னரில் (வண்டியை நிறுத்தியபடியே மிதிக்கும் கருவி) ஓட்டுபவர்கள் ஹெட்செட்டின் மேல் ஒரு துவாலையைப் போட்டுக்கொள்ளுங்கள். என் வண்டியில் கிரீஸ் போடத் திறந்தபோது மேல் பேரிங் சொரசொரவென்று சுற்றியது. கீழ் பேரிங் புதிதுபோல இருந்தது.

டயருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். 32 மி.மீ. அகல டயர் நுழையாத ஃப்ரேமை இன்று நான் வாங்கமாட்டேன். 25லிருந்து 30க்கு மாறி, அழுத்தத்தைக் குறைத்தபோது கிடைத்த சுகத்தை, "அதிர்வைக் குடிக்கும் கார்பன்" என்று எழுதியிருந்த எந்த ஃப்ரேமிலும் நான் உணரவில்லை.

கார்பனைக் கண்டு மிரள வேண்டாம். சாதாரணமாக ஓட்டும் சுமைகளை அது வருடக்கணக்கில் தாங்கும். அதற்கு ஆகாதவை இரண்டு: ஒரே இடத்தில் விழும் குத்தடி, அளவுமீறிய இறுக்கம். ஆகவே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் அலன் கீயை எடுக்காதீர்கள். ஸ்டெம் போல்ட்டில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்றோ அதற்குக் கீழோ அச்சிட்டிருக்கும். கை அதைத் தாண்டிவிடுவது மிகச் சுலபம். சீட் போஸ்ட்டுக்குக் கிரீஸ் அல்ல, கார்பன் பேஸ்ட். அதிலுள்ள சிறு மணல்கள் பிடித்துக்கொள்வதால் குறைந்த இறுக்கத்திலேயே போஸ்ட் நழுவாது. ரிப்பேர் ஸ்டாண்டில் மாட்டும்போது டாப் டியூபில் பிடிக்கவே கூடாது. அங்கே சுவர் மெல்லியது. கீழே விழுந்த பிறகு பெயிண்டில் கீறல் தெரிந்தால் நாணயத்தால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் ஓட்டாமல் கார்பன் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அதே சத்தம் கேட்டாலும் சந்தேகம் தீரவில்லையென்றால் அல்ட்ராசவுண்ட் சோதனை இருக்கிறது.

எந்த மட்டத்து செட் எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது. ஷிமானோவின் உச்ச மட்டமான டியூரா-ஏஸுக்கும் அதற்கடுத்த அல்டெக்ராவுக்கும் வேலையில் நான் உணர்ந்த வித்தியாசம் மிகக் குறைவு, பெரும்பகுதி எடைதான். 2022இல் அதற்கும் கீழ்மட்டமான 105க்கும் டிஐ2 வந்துவிட்டது. மேல்மட்ட செட்டுக்குப் போகும் பணத்தை நல்ல சக்கரத்துக்கும், நல்ல டயருக்கும், உடம்புக்கு வண்டியைப் பொருத்தும் முறையான ஃபிட்டிங்குக்கும் திருப்புங்கள். கியர் விகிதத்தையும் கடைக்காரர் முடிவுக்கு விடாதீர்கள்: முன்னால் 50/34 பற்கள், பின்னால் 11 முதல் 34 பற்கள் என்று கேளுங்கள். மிக எளிய கியரில் (34க்கு 34) ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் ஒரே சுற்று, இரண்டு மீட்டருக்குச் சற்றே அதிகம். நெடும் ஏற்றத்தில் அந்தக் கியரை நான் பயன்படுத்தாத வாரம் கிடையாது.