முள் உள்ளதும் இல்லாததும்: ஜாரா காட்டின் இரண்டு குட்டி வாட்டில்கள்

நீலகிரிக்காரர்களிடம் வாட்டில் என்று சொன்னால் சீகை மரத்தைக் காட்டி முகம் சுளிப்பார்கள். புல்வெளியை விழுங்கிய மரம் அது. ஆனால் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், பெர்த்துக்குப் பக்கத்தில், ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரக் காடுகளில், பெரும்பாலும் இடுப்பளவோடு நின்றுவிடும் வாட்டில் புதர்கள் உண்டு. அகேசியா புல்கெல்லா, அகேசியா டிரம்மண்டி இரண்டும் அந்த மண்ணுக்கே உரியவை. சரளைக்கல் மண்ணில், குளிர்கால மழையை நம்பி வாழ்பவை.

பல ஆஸ்திரேலிய வாட்டில்கள் வளர வளர இலையை உதிர்த்துவிட்டு, தட்டையான காம்பையே இலையாக வைத்துக்கொள்ளும். இவை இரண்டும் கடைசிவரை இறகிலைதான். அதனால் நம் கண்ணுக்குக் கருவேலத்தின் தங்கச்சி மாதிரி தெரியும். (2005-க்குப் பிறகு அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே போய்விட்டது; கருவேலம் இப்போது வச்செல்லியா. பங்காளிச் சண்டையில் பெயரை இழந்த கதை!)

கிளையைக் கையில் எடுத்தால் வித்தியாசம் புரிந்துவிடும். புல்கெல்லாவின் பூ கருவேலம்பூ போல உருண்டை. இலைக்கணுவில் ஊசிமுள், அலட்சியமாகத் தொட்டால் சுருக்கென்று ஏறும். டிரம்மண்டிக்கு முள் கிடையாது. பூங்கொத்து உருளையாக, திப்பிலியை மஞ்சளில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும். 1829-இல் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்துக்கு (இன்றைய பெர்த் பகுதி) வந்து செடி சேகரித்த ஜேம்ஸ் டிரம்மண்டின் பெயர் அதற்கு.

அழகுக்கு, தொட்டிக்கு, பிள்ளைகள் ஓடும் வாசலுக்கு டிரம்மண்டிதான். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனாலும் என் ஓட்டு புல்கெல்லாவுக்கு. ஜாரா காட்டை அரிக்கும் பெரிய நோய் பைட்டோப்தோரா என்ற வேரழுகல். வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய ஈரமண்ணோடுகூடப் பரவும். பேங்க்சியா மரங்கள் அதற்கு முதல் பலி. புல்கெல்லா அடர்ந்த இடத்திலோ, அதன் வேரடி மண்ணில் அந்தக் கிருமி, தான் பரவுவதற்கான வித்துப்பைகளை உண்டாக்குவது குறைகிறது என்று ஆய்வுகளில் தெரிந்தது. காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும். முள்ளும் வீணில்லை, சிட்டளவுப் பறவைகள் பதுங்க அதைவிட நல்ல இடம் ஏது?

இரண்டுக்கும் விதைத்தோல் கெட்டி. காட்டில் தீ வந்துபோன பிறகு மொத்தமாக முளைக்கும். வீட்டில் கொதித்த தண்ணீரை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை மட்டும் விதையுங்கள்; மற்றதற்கு இன்னொரு தடவை வெந்நீர்.