டோன் ரிமோட்டா, ஐபி ரிமோட்டா?

அமெரிக்காவின் 911 அவசர உதவி மையங்களில் போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டிகளோடு ரேடியோவில் பேசுகிறவர் ஓரிடத்தில் இருப்பார், அந்த ரேடியோ எங்கோ குன்றின் மேல் இருக்கும். இரண்டையும் இணைக்கும் பழைய வழி டோன் ரிமோட். வாடகைக்கு எடுத்த தொலைபேசிக் கம்பி ஒரு ஜோடி போதும். பேசுவதற்கான பட்டனை அழுத்தியதும் 2175 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 120 மில்லிநொடி உரக்கப் போகும். அடுத்த 40 மில்லிநொடியில் எந்தச் சேனல் என்று சொல்லும் ஒலி. 1950 ஹெர்ட்ஸ் என்றால் வழக்கமாக முதல் சேனல். அப்புறம் அதே 2175 மெல்லிசாகப் பேச்சோடு ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் ஒலிபரப்பும் நிற்கும். பட்டனை அழுத்திய கையோடு வாயைத் திறந்தால் முதல் அசை போச்சு!

ஐபி (இணைய நெறிமுறை) ரிமோட்டில் குரலும் கட்டளையும் டேட்டா பாக்கெட்டுகளாகப் போகின்றன. ஒரே ரேடியோவைப் பல மேசைகளிலிருந்து இயக்கலாம், சேனல் பெயரும் திரையில் தெரியும். ஆனால் நெட்வொர்க் திணறினால் பேச்சு துண்டு துண்டாகிவிடும். வழியில் உள்ள சுவிட்ச், ரவுட்டர் எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

செப்புக் கம்பிகளைத் தொலைபேசி நிறுவனங்களே கைவிட்டு வருகின்றன. ஆகவே புதிதாக அமைப்பவர் ஐபிக்குப் போவதே சரி. ஒழுங்காக ஓடும் டோன் இணைப்பு ஏற்கெனவே இருந்தால், அவசரப்பட்டுப் பிடுங்காமல் பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாம்.