‘ஒரே நாளில் 4,000 மீட்டர் முகடு’ பேக்கேஜ்: முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் ஓர் ஏற்பாட்டாளர், சுவிட்சர்லாந்தின் அல்லாலின்ஹார்ன் சிகரத்தை (4,027 மீட்டர்) ‘பனிமுகடு வழியாக ஒரே நாளில், புதியவர்களும் வரலாம்’ என்று விற்றார். தலைக்கு 3,900 சிங்கப்பூர் வெள்ளி, விமான டிக்கெட் தனி. போன ஆறு பேரில் நால்வர் எங்கள் மலையேற்றக் குழுவினர். உயிருக்குச் சேதமில்லாமல் திரும்பிவிட்டார்கள். பணம் திரும்பவில்லை. இதே பேக்கேஜுக்கு மறுபடி ஆள் சேர்க்கும் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுவதால், நால்வரின் ஒப்புதலோடு, விளம்பரம், ரசீது, அங்கே எடுத்த படங்கள் எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிறோம்.

அந்த மலைக்கு இரண்டு வழிகள் பிரபலம். சாஸ்-ஃபே ஊரிலிருந்து கேபிள் கார், பிறகு மெட்ரோ ஆல்பின் சுரங்க ரயில் என்று ஏறி, ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள மிட்டல்அல்லாலின் நிலையத்தில் இறங்கி, ஃபே பனியாற்றின் மேல் நடந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் உச்சியைத் தொடுவது சாதாரண வழி. இன்னொன்று ஹோலவுப்கிராட் முகடு. முதல் நாள் ஃபெல்ஸ்கின் கேபிள் கார் நிலையத்திலிருந்து நடந்துபோய் 3,030 மீட்டரில் உள்ள பிரிட்டானியா குடிலில் தங்க வேண்டும். விடியுமுன் கிளம்பி, ஹோலவுப் பனியாற்றில் இறங்கிக் கடந்து, முகட்டில் ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே சுமார் 30 மீட்டர் பாறைச் சுவரையும் தாண்டினால்தான் சிகரம். பழகியவர்களுக்கே நான்கைந்து மணி நேரம். இறங்குவது சாதாரண வழியாக, கடைசி ரயிலுக்குள்.

விளம்பரத்தில் இருந்த படம் முகட்டுடையது. கேட்ட பணமும் முகட்டுக்கானது. ஆனால் ஏறும் நேரம், ஒரு கைடுக்கு ஆறு பேர் என்ற கணக்கு, ‘புதியவர்களும் வரலாம்’ என்ற வாக்குறுதி மூன்றும் சாதாரண வழியுடையவை. ஏமாற்று நடந்தது இங்கேதான். சிகரத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டினால் இது கண்ணில் படாது. எந்த வழி, ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? பனிமூடிய பனியாற்றில் ஒரே கயிற்றில் நான்கைந்து பேர் இருப்பது நல்லது. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்களின் எடை அவரைப் பிடித்து நிறுத்தும். அதனால்தான் ஆளுக்கு ஆள் பத்து மீட்டர் அளவில் இடைவெளி விட்டுக் கயிறு கட்டுவார்கள். முகட்டில் கதை தலைகீழ். அங்கே கைடு கயிற்றைச் சில மீட்டருக்குச் சுருக்கி, இறுக்கமாகக் கையில் பிடித்தபடி நடப்பார். கால் வழுக்கிய அந்த நொடியிலேயே, வேகம் பிடிக்குமுன் இழுத்து நிறுத்துவதுதான் அதன் உத்தி. ஒருவரை, மிஞ்சினால் இருவரை, அப்படிக் காக்கலாம். ஆறு பேரைக் கோத்துக்கொண்டு போனால் கடைசி ஆள் வழுக்கியது முன்னால் இருப்பவருக்குத் தெரிவதற்குள் மூன்று பேர் சரிந்திருப்பார்கள். ஹோலவுப்கிராட்டுக்கு ஒரு கைடுக்கு இரண்டு பேர் என்பதுதான் வழக்கம். பாறைச் சுவரிலும் இதே கணக்குதான். பாதுகாப்புக்கு இரும்புக் கம்பிகள் அடித்திருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவராகத்தான் ஏற்ற முடியும். ஆளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலே ஆறு பேருக்கு ஒன்றரை மணி. மற்றவர்கள் அதுவரை குளிர்காற்றில் அசையாமல் நிற்க வேண்டும்.

நம்மவர்கள் பாறைச் சுவர் வரை போகவே இல்லை. குடிலை விட்டுக் கிளம்பியதே காலை ஐந்தரைக்கு. நான்கு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும்போது பனியாற்றைக் கடந்து, வெயில் ஏறுமுன் முகட்டின் பெரும்பகுதியை முடிப்பதே இந்த வழியின் அடிப்படை. எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இல்லையென்றால் திரும்புவது என்று முன்கூட்டியே யாரும் சொல்லவும் இல்லை. நடுமுகட்டில், சரிவான பனியில் ஒருவருடைய கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முட்சட்டம்) கழன்றது. அதை மாட்டுவதற்குள் இன்னொருவருடையது. பதினொரு மணிக்குக் கைடு திரும்பச் சொல்லிவிட்டார். அதாவது, இளகிய பனியில் அதே முகட்டில் இறங்கி, நண்பகல் வெயிலில் பனியாற்றைக் கடக்க வேண்டும். பிளவை மூடியிருந்த பனிப்பாலம் உடைந்து ஒருவர் தொடைவரை உள்ளே போனார். கயிறு இறுகியதால் பிழைத்தார்.

கிராம்பான் கழன்றதற்கு அதிர்ஷ்டக்குறைவு காரணமல்ல. வாடகைக்குக் கொடுத்தது சாதாரண மலைநடை பூட்ஸ். கையால் வளைத்தாலே அடிப்பாகம் வளைகிறது. கொடுத்த கிராம்பானோ முன்னால் கம்பி, பின்னால் நெம்புகோல் உள்ள வகை. பூட்ஸின் முனையிலும் குதிகாலிலும் கெட்டியான விளிம்புப் பள்ளம் இருந்தால்தான் அது பிடிக்கும். அந்தப் பள்ளம் இல்லாத பூட்ஸில் கம்பி வெறும் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கும், அடிப்பாகம் வளைய வளைய நழுவும். அடியில் பனி ஒட்டாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தகடும் இரண்டு ஜோடிகளில் இல்லை. ஈரப்பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டால் முட்கள் தரையைத் தொடாது. குடிலுக்குப் போகுமுன் ஊரிலேயே சோதியுங்கள்: பட்டையைக் கட்டாமல் கிராம்பானை மாட்டி, பூட்ஸைத் தூக்கி நன்றாக உலுக்குங்கள். கழன்று விழுந்தால் அந்த ஜோடி வேண்டாம். பெரிய சைஸ் பூட்ஸ் என்றால் நடுக்கம்பியின் நீளம் போதுமா என்பதையும் பாருங்கள்.

‘சான்றிதழ் பெற்ற கைடு’ என்று விளம்பரத்தில் இருந்தது. அவரிடம் இருந்தது உள்ளரங்கச் செயற்கைச் சுவர் ஏற்றப் பயிற்றுநர் சான்றிதழ். பனியாறும் கயிறும் சேர்ந்த ஏற்றத்துக்கு உலக அளவில் ஏற்கப்படும் தகுதி, மலை வழிகாட்டிச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஃப்.எம்.ஜி.ஏ.வுடையதுதான். ஜெர்மன் மொழியில் ஐ.வி.பி.வி., பிரெஞ்சில் யு.ஐ.ஏ.ஜி.எம். என்று எழுதுவார்கள், மூன்றும் ஒன்றே. புகைப்படத்தோடு அட்டை தருவார்கள், அது நடப்பு ஆண்டுக்குச் செல்லுமா என்று பார்க்க வேண்டும். யு.ஐ.எம்.எல்.ஏ. அட்டை காட்டினால் ஏமாறாதீர்கள். அது மலைநடைத் தலைவர்களுக்கானது, கயிறும் கிராம்பானும் தேவைப்படும் இடத்துக்குப் போதாது. சுவிட்சர்லாந்தில் பணம் வாங்கிக்கொண்டு இப்படிப்பட்ட ஏற்றங்களுக்குக் கூட்டிப்போக அனுமதி வேண்டும் என்று 2014 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. கைடின் பெயரைப் பயணத்துக்கு முன்பே கேளுங்கள். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் கட்டாதீர்கள்.

உயரத்துக்கு உடல் பழகவும் நேரம் கொடுக்கவில்லை. சூரிக்கில் இறங்கிய மறுநாள் குடில், அடுத்த நாள் முகடு. புக்கிட் தீமா குன்றிலும் அடுக்குமாடி புளோக் படிகளிலும் மாதக்கணக்கில் ஏறியவர்களுக்குக் கால் வலு இருக்கும். ஆனால் 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான், அதற்குப் படியேற்றம் உதவாது. 1,800 மீட்டரில் உள்ள சாஸ்-ஃபேயில் இரண்டு இரவாவது தங்கி, பகலில் 3,000 மீட்டர் வரை போய்வந்த பிறகே குடிலுக்குப் போங்கள்.

பயணக் காப்புறுதியில் ‘கயிறு அல்லது வழிகாட்டி தேவைப்படும் மலையேற்றம்’ என்ற விலக்கு இருக்கிறதா, உயர வரம்பு உண்டா என்று பாருங்கள். ஹெலிகாப்டர் மீட்புக்குப் பில் வரும். சாஸ்-ஃபே இருக்கும் வாலே மாநிலத்தில் மீட்புக்கு அழைக்க வேண்டிய எண் 144.

பணத்தைக் கேட்டபோது வந்த பதில், ‘வாடிக்கையாளரின் உடல்தகுதிக் குறைவால் நின்ற ஏற்றத்துக்குப் பணம் திரும்பாது’ என்ற நிபந்தனை. பூட்ஸ் தந்ததும் தாமதமாகக் கிளப்பியதும் அவர்கள்தான் என்பதை நால்வரும் படங்களோடு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பதில் இல்லை. சிங்கப்பூரில் சுற்றுலா பேக்கேஜ் விற்கப் பயண முகவர் உரிமம் தேவை. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் பட்டியலில் ஒப்பிடுங்கள். தகராறு வந்தால் முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸ். அங்கே தீராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும், வக்கீல் வாதாட முடியாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவையுங்கள், ஏனென்றால் இவர்களுடைய விளம்பரத்தில் ‘ஒரு கைடுக்கு ஆறு பேர்’ என்ற வரி இப்போது காணவில்லை.